நடுவில் நின்ற கார்: பின்னால் ஒருவர் இடித்தார், முன்னால் ஒருவர் பணம் கேட்டார்

ஏரிக்கரைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, விழுப்புரத்தில் உறவினர் வீட்டுக் காதணி விழாவை முடித்துக்கொண்டு நானும் என் மனைவியும் அம்மாவும் காரில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மேல்மருவத்தூரைத் தாண்டி மதுராந்தகத்தை நெருங்கும் இடத்தில் வாகனங்கள் தேங்கத் தொடங்கின. முன்னால் சென்ற வெள்ளைக் கார் நின்றது, நானும் நின்றேன். அவசரமாக பிரேக் அடிக்க வேண்டிய நிலை ஏதும் வரவில்லை. ஆனால் முன் காருக்கும் என் காருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் இடம் விட்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நின்று இரண்டு மூன்று விநாடிகள் ஆகியிருக்கும். தக்காளிப் பெட்டிகளை ஏற்றி வந்த ஒரு குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) என் டிக்கியில் நேராக மோதியது. அந்த வேகத்தில் என் கார் தள்ளப்பட்டு வெள்ளைக் காரின் பின்பக்க பம்பரில் போய் இடித்தது. டிக்கிக் கதவு உள்ளே மடங்கி மூட முடியாமல் ஆகிவிட்டது. பின் கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது. முன் பம்பர் உடைந்து பானெட்டும் சற்றுத் தூக்கிக்கொண்டது. வெள்ளைக் காருக்கு பம்பரும் ஒரு பின்விளக்கும் மட்டுமே சேதம்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. வெள்ளைக் காரின் உரிமையாளர், "யார் யாரை இடித்தார்கள் என்பது எனக்குத் தேவையில்லை, என் வண்டியை இடித்தது உங்கள் வண்டிதான்" என்று சொல்லி என்னிடம் 25,000 ரூபாய் கேட்டார். குட்டியானையை ஓட்டி வந்த பையனுக்கு இருபது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். "போலீஸ் வேண்டாம் அண்ணே, முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்" என்று அழாத குறையாகக் கெஞ்சி, 3,000 ரூபாய் இருக்கிறது என்றான். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் நிதானம் இழந்து, வெள்ளைக் காரின் உரிமையாளருக்கு செல்பேசி வழியாக 8,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். பையனிடம் எதுவும் வாங்கவில்லை. இரண்டே இரண்டு படங்கள் எடுத்தேன். அவற்றுள் ஒன்றில் குட்டியானையின் எண் தெளிவாகத் தெரிகிறது. டேஷ் கேமரா என்னிடம் இல்லை.

மறுநாள் காலை எழுந்தபோது பின் இருக்கையில் அமர்ந்து வந்த அம்மாவுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒர்க் ஷாப்பில் 96,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். முழு காப்பீடு இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக கிளெய்ம் எதுவும் செய்ததில்லை.

முன் கார் விஷயத்தில் தவறு என்னுடையதா? இப்போது மூன்றாம் நாள். காவல் நிலையத்துக்குப் போவதில் பயன் உண்டா? இனிமேல் இப்படி நடுவில் சிக்காமல் இருக்க என்னதான் செய்ய வேண்டும்?

ஓய்வுபெற்ற சர்வேயர்

முதலில் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதைப் படித்து முடித்த பிறகு அல்ல, இப்போதே. அங்கே "கழுத்து வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், எந்த நாள், எந்த இடத்தில், எப்படி நடந்த விபத்தினால் வந்த வலி என்பதைச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) நகல் இல்லாமல் பின்னால் யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

அடுத்து, இன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணை அழைத்து விபத்தைத் தெரிவியுங்கள். மூன்று நாள் தாமதம் என்பதால் எல்லாம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தகவல் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்தை வைத்து நியாயமான கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடியே எழுதுங்கள். சேதம் 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால் சேதத்தை மதிப்பிடும், உரிமம் பெற்ற சர்வேயர் வந்து பார்த்தாக வேண்டும். அவர் பார்க்கும் வரை ஒர்க் ஷாப்பில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. மூன்று வண்டிகள் அடுத்தடுத்து இடித்துக்கொண்ட வழக்குகளில், நடுவில் இருந்தவர் பெரும்பாலும் "என்னைத் தள்ளிவிட்டார்கள்" என்றுதான் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கும், சில சமயம் பாதி உண்மையாகவும் இருக்கும். நடு வண்டிக்காரர் முதலில் தாமாகவே முன் வண்டியை இடித்துவிட்டு, அதற்குப் பின் பின்வண்டியிடம் இடி வாங்கியதும் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்க நான் முதலில் முன் வண்டிக்காரரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை தடவை இடி உணர்ந்தீர்கள்?" ஒரு தடவை என்றால் நடு வண்டி தள்ளப்பட்டிருக்கிறது. இரண்டு தடவை என்றால் கதை வேறு.

இரண்டாவது, சேதத்தின் உயரம். பலமாக பிரேக் அடித்த வண்டி மூக்கைத் தரையை நோக்கித் தாழ்த்திக்கொண்டு போய் இடிக்கும். அதனால் அதன் முன் பம்பரின் மேல் விளிம்பும் பானெட் முனையும் முன் வண்டியின் பம்பருக்குக் கீழே போய்ச் செருகிக்கொள்ளும். நின்றுகொண்டிருந்து தள்ளப்பட்ட வண்டியில் அப்படிச் செருகல் இருக்காது, இரண்டு பம்பர்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் முட்டியிருக்கும். உங்கள் வண்டியின் முன்பக்கத்தை, வெள்ளைக் காரின் பெயின்ட் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து, தரையிலிருந்து அளவு நாடாவைப் பிடித்துக் காட்டிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழுவிவிடாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. டிக்கியைத் திறக்க முடிந்தால், கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைக் கைவிளக்கு பிடித்துப் பாருங்கள். தகடு அலைஅலையாக மடிந்திருக்கிறதா, இணைப்புகளில் பூசியிருக்கும் பசை வெடித்திருக்கிறதா, பெயின்ட் செதில்செதிலாக உதிர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அடி பம்பரோடு நிற்கவில்லை, அடிச்சட்டத்தைத் தொட்டிருக்கிறது என்று பொருள். வெளியே டிங்கர் வேலை பார்த்து, பட்டி வைத்து, பெயின்ட் அடித்து அழகாகக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த முறை அதே இடத்தில் அடிபட்டால் அந்தத் தகடு காப்பாற்றாது.

பணத்தைப் பொறுத்தவரை, உங்கள் வண்டிக்கான செலவை உங்கள் பாலிசியிலேயே கிளெய்ம் செய்வதுதான் விரைவான வழி. தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். 1,500 சி.சி. வரையுள்ள கார் என்றால் 1,000 ரூபாய், அதற்கு மேல் என்றால் 2,000 ரூபாய் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து போகும். நான்கு ஆண்டு கிளெய்ம் இல்லாததால் உங்களுக்கு 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் தள்ளுபடி, ஓடிக்கொண்டிருக்கும். அதைக் காக்கும் கூடுதல் திட்டம் எடுத்திருந்தாலன்றி, புதுப்பிக்கும்போது அது பூஜ்யமாகிவிடும். உங்கள் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு மட்டும் 5,400 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். 96,000 ரூபாய்க்கு முன் அது பெரிய தொகை அல்ல. ஆனால் பம்பர் கீறலுக்குப் போய் கிளெய்ம் செய்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அந்த 8,000 ரூபாய் கொடுத்தது தவறான முடிவு. காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ, பணம் தருவதாகச் சொல்லவோ, தரவோ கூடாது என்று பாலிசியின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு அதில் ஒரு நன்மை நேர்ந்திருக்கிறது: பணம் அனுப்பியதால் அவருடைய பெயரும் நாளும் நேரமும் உங்கள் செல்பேசியில் பதிவாகி இருக்கின்றன. அவரைத் தொடர்பு கொண்டு, எத்தனை தடவை இடி உணர்ந்தார் என்பதை ஒரு குறுஞ்செய்தியாக வாங்கிவிடுங்கள்.

கறுப்பு அங்கி

சர்வேயர் ஐயா வண்டியின் பக்கத்தைச் சொல்லிவிட்டதால் நான் சட்டத்தின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

பின்னால் இடித்தவர் மீதே தவறு என்று ஊரில் எல்லோரும் சொல்வது பெரும்பாலும் சரி. எப்போதும் சரி அல்ல. முன்னால் செல்லும் வாகனம் திடீரென்று வேகம் குறைத்தாலும் நின்றாலும் மோதாமல் நிறுத்தும் அளவுக்கு இடைவெளி விட வேண்டியது பின்னால் வருபவரின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அதற்கு முன் நடைமுறையில் இருந்த 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலும் இதே கடமை இருந்தது. அந்தப் பழைய விதியை எடுத்துக்காட்டி, லாரிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடி இடைவெளியில் சென்று மோதிய ஒரு கார் வழக்கில், அது பாதுகாப்பான இடைவெளியே அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது.

ஆனால் அதே விதிகள், பாதுகாப்புக்கான கட்டாயக் காரணம் இல்லாமல் திடீரென்று பிரேக் அடிக்கக் கூடாது என்று முன்னால் செல்பவருக்கும் சொல்கின்றன. இதற்குக் கோயம்புத்தூர் வழக்கு ஒன்று பாடமாக இருக்கிறது. 2017 ஜனவரியில், நெடுஞ்சாலையில் சென்ற கார் ஒன்று, உள்ளே இருந்த கர்ப்பிணிக்கு வாந்தி வருவது போல இருந்ததால் சட்டென்று நிறுத்தப்பட்டது. பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் காரில் மோதிக் கீழே விழ, அவருக்குப் பின்னால் வந்த பேருந்து அவர் மீது ஏறியதில் அவர் ஒரு காலை இழந்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காரோட்டிக்கு 50 சதவீதம், பேருந்துக்கு 30 சதவீதம், மாணவருக்கு 20 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது. பின்னால் மோதியவர் அந்த மாணவர்தான். ஆனால் மிகக் குறைந்த பங்கு அவருக்கே வந்தது. எச்சரிக்கை தராமல் நெடுஞ்சாலையில் நிறுத்தியவர் மீதுதான் பெரும்பங்கு விழுந்தது.

உங்கள் நிகழ்வில் நீங்கள் முறையாக நின்றுவிட்டீர்கள், அதன் பிறகே தள்ளப்பட்டீர்கள். ஆகவே வெள்ளைக் காரின் சேதத்துக்கும் உங்கள் சேதத்துக்கும் மூலகாரணம் குட்டியானைதான் என்பதே என் கருத்து. நின்ற பின் இடைவெளி குறைவாக இருந்ததைக் காட்டி எதிர்த்தரப்பு ஏதாவது வாதாடலாம். அதில் பெரிய வலு இருக்காது.

காவல் நிலையத்துக்கு அவசியம் போங்கள். விபத்தில் யாருக்காவது காயமோ பிறர் சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டுநருக்குக் கடமை விதிக்கிறது. காலம் கடந்துவிட்டது, அதற்காக நான்காம் நாளையும் கடத்த வேண்டாம். அம்மாவின் காயம் மறுநாள்தான் தெரிந்தது என்பதைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள். வண்டிச் சேதம் மட்டும் என்றால் பல நேரம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு முடித்துவிடுவார்கள், காயம் இருக்கும்போது முதல் தகவல் அறிக்கை தேவை என்று பணிவாகவும் விடாமலும் கேளுங்கள்.

அம்மா உங்கள் காரில் பயணம் செய்தவர் என்றாலும் குட்டியானையைப் பொறுத்தவரை அவர் மூன்றாம் நபர். அதன் உரிமையாளர் மீதும் அதன் காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் 166ஆம் பிரிவின்படி விபத்து இழப்பீடு கேட்கும் எம்.சி.ஓ.பி. மனு போடலாம், விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல் நீங்கள் வசிக்கும் சென்னையிலும் போடலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்கு ஆறு மாதக் கெடு மீண்டும் வந்திருப்பதை மறந்துவிடாதீர்கள். அந்தப் பையனைப் பார்த்துப் பரிதாபப்பட்டீர்கள், புரிகிறது. ஆனால் இழப்பீட்டைத் தரப்போவது அவனுடைய சட்டைப்பை அல்ல, அந்த வண்டியின் தேர்ட் பார்ட்டி பாலிசி. அதற்காகத்தான் அந்தக் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. வண்டிச் சேதத்துக்கு உங்கள் நிறுவனத்திடம் பணம் வாங்கிவிட்டு அதே தொகையை அங்கேயும் கேட்க முடியாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

பழைய ஸ்டெப்னி

இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவன். பூந்தமல்லி முதல் திருச்சி வரை இந்தச் சாலையில் எத்தனை முறை போய் வந்தேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. தம்பியின் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மேலே இருவரும் இடிபட்ட பிறகு செய்வதை நன்றாகவே சொல்லிவிட்டார்கள்.

நடுவில் சிக்காமல் இருக்க வேண்டுமென்றால், முன்னால் விடுகிற இடைவெளி பின்னால் வருகிறவனுக்காகவும்தான் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். முன் வண்டியை ஒட்டிப் போகிறவன், அது பிரேக் அடித்தால் தானும் ஓங்கி அடிக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் வருகிற லோடு வண்டிக்கு அப்படி நிற்க வராது. தம்பி நின்றதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. நின்ற இடத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். முன் காரின் பின்சக்கரம் தரையைத் தொடுகிற இடம் உங்கள் ஸ்டியரிங்குக்கு மேலாகக் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்க வேண்டும். அந்த அளவு இடம் இருந்தால் பின்னால் இடித்தாலும் முன் வண்டி வரை போய் முட்டாமல் தப்பிக்க வழி உண்டு. அதைவிட முக்கியமாக, கண்ணாடியில் ஒருவன் நிற்காமல் வருவது தெரிந்தால் ஸ்டியரிங்கை ஒடித்து ஓரத்தில் ஏறிவிடவும் இடம் கிடைக்கும்.

வரிசையின் கடைசி வண்டியாக நிற்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். உங்களுக்குப் பின்னால் இரண்டு வண்டி வந்து நின்றுவிட்டால் கவலை பாதியாகிவிடும். அதுவரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள், நான்கு இண்டிகேட்டர்களையும் போட்டுவிடுங்கள், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். நின்றவுடன் செல்பேசியை எடுக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். மழை பெய்கிறது என்று அந்த நான்கு விளக்கையும் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவர்கள் வேறு ரகம். அவர்கள் திரும்புகிறார்களா, நின்றுவிட்டார்களா, போய்க்கொண்டிருக்கிறார்களா என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

ஓடும்போது எவ்வளவு தூரம் விடுவது என்றால், முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தையோ பாலத்தின் முனையையோ தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணுங்கள். மூன்றைச் சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்த இடத்தைத் தொட்டுவிட்டால் ஒட்டி ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். மழையில் ஐந்து வரை எண்ணுவேன். என் மகன் இன்ஜினியரிங் படித்தவன், இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினான். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தாலே 33 மீட்டர் போய்விடும். அதன் பிறகு காய்ந்த சாலையில் நல்ல டயரோடு நிற்க இன்னும் 35 மீட்டர் தேவை. 100 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் நூறு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவன் கணக்கு காருக்கு. முழு லோடு ஏற்றிய லாரியில் நிறுத்தும் தூரம் இன்னும் கூடும்; ஏர் பிரேக் என்றால் மிதித்த காற்று சக்கரம் வரை போய்ச் சேரவும் ஒரு நொடிப்பொழுது ஆகும்.

நாம் இடம் விட்டால் நடுவில் இன்னொருவன் நுழைகிறானே என்பார்கள். நுழையட்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் மறுபடி இடம் கிடைத்துவிடும். செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போவதற்குள் பத்துப் பேர் நுழைந்தாலும் வீட்டுக்குப் போவது ஐந்து நிமிடம் கூடத் தாமதமாகாது. பின்னால் ஒருவன் ஹெட்லைட்டை அடித்துக்கொண்டு ஒட்டி வந்தால் அவனுக்குப் பாடம் கற்பிக்க பிரேக்கைத் தொடாதீர்கள். இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டுவிடுங்கள்.

முன்னால் போகிற காரை மட்டும் பார்த்து ஓட்டாதீர்கள். அதன் கண்ணாடிகளுக்கு ஊடாக அதற்கும் முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கைப் பாருங்கள். லாரிக்கோ பஸ்ஸுக்கோ பின்னால் இது நடக்காது, அதனால் அங்கே தூரத்தைக் கூட்ட வேண்டும்.

ராத்திரி விஷயம் வேறு. ஓரத்தில் பஞ்சர் ஆகி நிற்கிற லாரியில் பின்விளக்கு எரியாது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல் சேறு படிந்திருக்கும். எங்கள் ஆட்கள் பின்னால் தழையை ஒடித்துப் போட்டு நான்கு கல்லை வைப்பார்கள். அதுவும் வண்டிக்குப் பத்தடி தள்ளித்தான். 80 வேகத்தில் வருகிறவனுக்குப் பத்தடி அரை விநாடிகூட இல்லை. எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது ஐம்பது மீட்டராவது பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும், ஆட்கள் எல்லோரும் வண்டியை விட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும், நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033க்குச் சொல்ல வேண்டும். வண்டி சரியானதும் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போவது எங்கள் தொழிலில் உள்ள கெட்ட பழக்கம். அந்தக் கல்லில் ஏறி விழுந்த, பைக்கில் வந்தவர்களை நானே தூக்கியிருக்கிறேன்.

அந்தப் பையன் தக்காளி ஏற்றி வந்தான் என்றீர்கள். மார்க்கெட்டுக்கு நேரத்தோடு போகாவிட்டால் விலை விழுந்துவிடும் என்று முதலாளி போனில் நச்சரித்துக்கொண்டே இருந்திருப்பார். அவன் செய்ததை நியாயம் என்று சொல்லவில்லை, ஆனால் லோடு வண்டிக்கு முன்னால் நிற்கும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்து வைத்தியம்

நான் பிசியோதெரபிஸ்ட். பின்னாலிருந்து இடி வாங்கும்போது இருக்கை உடலை முன்னுக்குத் தள்ள, தலை மட்டும் இருந்த இடத்திலேயே ஒரு கணம் தங்கி, பிறகு சாட்டையைச் சொடுக்கியது போல வீசப்படும். விப்லாஷ் என்று நாங்கள் சொல்லும் இந்தக் காயத்தில் வலி உடனே தெரியாமல் மறுநாள் வருவது வழக்கமானதுதான். ஆனால் கைகளில் மரத்துப்போதல், விரல்களில் பலவீனம், தலைசுற்றல், வாந்தி ஆகியவற்றுள் ஏதாவது இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். யார் சொன்னாலும் கழுத்தைப் பிடித்துச் சொடுக்கு எடுக்கவோ எண்ணெய் போட்டு அழுத்தி நீவவோ விடாதீர்கள். முதலில் மருத்துவர் பார்த்து எலும்பில் பிரச்சினை இல்லை என்று சொல்ல வேண்டும்.

அம்மா அமர்ந்திருந்த இருக்கையின் ஹெட்ரெஸ்ட் எந்த உயரத்தில் இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் பின் இருக்கை ஹெட்ரெஸ்டைக் கீழே அழுத்தியே வைத்திருக்கிறார்கள், அல்லது பின் கண்ணாடியை மறைக்கிறது என்று கழற்றி மாடியில் போட்டுவிடுகிறார்கள். அதன் மேல் விளிம்பு உச்சந்தலைக்கு இணையாக இருக்க வேண்டும், பின்தலைக்கும் அதற்கும் இடையே மூன்று விரல் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது. கழுத்தில் வைக்கும் குழல் போன்ற தலையணை அந்த இடைவெளியைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

ஏரிக்கரைவாசி

அனைவருக்கும் நன்றி. எழுதிய அன்றே அம்மாவை அழைத்துப் போனோம். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை என்றார்கள்; தசைப்பிடிப்புக்கு மருந்து கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏ.ஆர். நகல் வாங்கிவிட்டேன். ஹெட்ரெஸ்ட் விஷயத்தில் நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது: மூன்றும் கீழே அழுத்தியபடிதான் இருந்தன, ஐந்து ஆண்டுகளில் ஒரு முறையும் நான் அவற்றைத் தொட்டதில்லை.

காவல் நிலையத்தில் முதலில், சமாதானமாகப் போய்விட்டு இப்போது ஏன் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஏ.ஆர். நகலையும் வண்டி எண் தெரியும் படத்தையும் காட்டிய பிறகு புகாரைப் பெற்றுக்கொண்டு சி.எஸ்.ஆர். கொடுத்திருக்கிறார்கள், முதல் தகவல் அறிக்கைக்காக நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக் காரின் உரிமையாளர் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல மனிதராகவே பேசினார். ஒரே ஒரு முறைதான் இடி உணர்ந்ததாகக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். ஆனால் 8,000 ரூபாயைப் பற்றி அவரும் பேசவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. கிளெய்ம் படிவத்தில் அந்தத் தொகையைப் பற்றி எழுத வேண்டுமா, விட்டுவிடலாமா? ஸ்டெப்னி பள்ளத்தின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர்

எழுதுங்கள். "சாலையில் நெரிசல் ஏற்பட்டதால், பொறுப்பை ஏற்கும் எண்ணமின்றி, முன் வாகன உரிமையாளருக்கு 8,000 ரூபாய் கொடுத்தேன்" என்று ஒரே வரியில், பணம் அனுப்பிய நாளையும் நேரத்தையும் குறித்து எழுதிவிடுங்கள். நீங்கள் மறைத்து, அவர் தம் நிறுவனத்திடம் சொல்லி, அது உங்கள் நிறுவனத்துக்குத் தெரியவந்தால்தான் சிக்கல். உங்கள் பாலிசியிலிருந்து அந்தத் தொகை திரும்பக் கிடைக்காது. குட்டியானையின் உரிமையாளரிடம் கேட்டுப் பெறலாம், வக்கீல் நண்பர் அதற்கு ஒரு கடிதம் எழுதித் தருவார்.

படங்களைப் பார்த்தேன். இரண்டாவது படத்தில், பள்ளத்தின் இடது ஓரத்தில் விரல் நீளத்துக்குத் தகடு மடிந்திருப்பதும் அதற்கு மேலே பசை வெடித்திருப்பதும் தெரிகின்றன. உங்கள் 96,000 ரூபாய் எஸ்டிமேட்டில் அந்தத் தகட்டுக்கான வேலை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். டிக்கிக் கதவும் பம்பரும் கண்ணாடியும் மட்டும் இருந்தால் சேர்க்கப்படவில்லை. சர்வேயர் வரும்போது நீங்களும் ஒர்க் ஷாப்பில் இருந்து, கம்பளத்தைத் தூக்கி அந்த இடத்தை அவருக்குக் காட்டுங்கள். வண்டியைப் பிரித்த பிறகு புதிதாகத் தெரியும் சேதத்துக்குத் துணை எஸ்டிமேட் கொடுக்கலாம், அதற்கும் அவருடைய ஒப்புதல் வேண்டும். பின் சக்கரங்களின் அலைன்மென்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.